ஸ்டான்லி சார் ஓட்டுப் போட்ட நாள்

மனிதர்களில் கருத்து வாத்தியார் என்றொரு இனம் இருக்கிறது. பருவம் பார்க்காமல் வருடம் முழுவதும் பூக்கும் இனம். காலை ஐந்தரைக்கு, பால்காரருக்கும் முன்னால், உங்கள் வாட்ஸ்அப்பில் வந்து உட்கார்ந்திருப்பார். 'இன்றைய சிந்தனை' என்று தலைப்பு. அதன் கீழே உலக அரசியல், உள்ளூர்ச் சாக்கடை, மாமியார் மருமகள் உறவு, தங்கத்தின் விலை, இளைஞர்களின் தலைமுடி, எங்கோ நடக்கும் ஒரு போர், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் போரை எப்படித் தவிர்த்திருக்கலாம் என்ற யோசனை, எல்லாவற்றுக்கும் கடைசியில் கூப்பிய கைகள் இரண்டு. படிக்காமல் நழுவிவிடலாம் என்று பார்க்கிறீர்களா? நடக்காது. மாலையில் நேரில் பிடித்து, "படிச்சீங்களா?" என்பார். "அருமை சார்" என்பீர்கள். "எந்த இடம்?" என்பார். வாத்தியார் அல்லவா!

எங்கள் கடப்பாக்கத்தில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி ஸ்டான்லி சார். தனியார் பள்ளியொன்றில் சரித்திரம் எடுக்கிறார். நான் அதே பள்ளியில் கணக்கு. பதினேழு குழுக்களில் எழுதுகிறார். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். யார் மனமும் நோக எழுத மாட்டார். முதல் பத்தியில் ஒரு கட்சியைத் திட்டினால், இரண்டாம் பத்தியில் இன்னொன்றைத் திட்டி, மூன்றாம் பத்தியில் இரண்டையும் மன்னித்துவிடுவார்.

அவர் மனைவி ஜாய்ஸ் எதுவும் எழுதுவதில்லை. தையல் கடை வைத்திருக்கிறார். தெருக்குழாயில் ஆறு மாதமாகக் காற்று மட்டுமே வருவதைப் பார்த்துச் சலித்துப்போனவர், பேரூராட்சித் தேர்தல் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் போய்ச் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தார். கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். எதிர்த்து நின்றவர், ஏற்கெனவே அவர்கள் வார்டில் கவுன்சிலராக இருந்த சந்திரம்மா.

ஜாய்ஸின் படைத்தளபதி செங்கம்மாள். மீன் விற்பவர், எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பது அவருக்கு விரல் நுனியில். பிரசார நோட்டீஸ் எழுதும் பொறுப்பு, வேறு யாருக்குப் போகும்? ஸ்டான்லி சார் இரண்டு நாள் லீவு போட்டு எழுதினார். நாலு பக்கம். கிரேக்கத்தில் மக்களாட்சி பிறந்ததிலிருந்து ஆரம்பம். செங்கம்மாளுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். ஒன்றரைப் பக்கம் பொறுத்தார்.

"இன்னா சார் இது? இதுல தண்ணி எப்போ வரும்?"

"மூன்றாம் பக்கத்துல வரும்மா," என்றார் ஸ்டான்லி சார்.

கடைசியில் 'குழாய்க்குப் போடுங்க, தண்ணி புடிங்க' என்று செங்கம்மாள் சொன்னதே நோட்டீஸானது. சார் வருத்தப்படவில்லை. அந்த நாலு பக்கத்தையும் பதினேழு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, 'மனைவியின் வெற்றியில் கணவனின் பங்கு' என்று புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்தார். ஜாய்ஸ் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். "நீங்களும் கூட வாங்களேன்" என்று ஒருநாள் கேட்டாராம். "அஞ்சாம் பாகம் பாதியில நிக்குது ஜாய்ஸ்" என்றாராம்.

தேர்தல் நாள் வந்தது. சாவடி, சார் வீட்டிலிருந்து இருநூறு அடியில் இருந்த ஆரம்பப் பள்ளியில். காலை ஏழு மணிக்கு நான் ஜாய்ஸின் முகவராக உள்ளே போய் உட்கார்ந்தேன். ஏழு பத்துக்கு எல்லாக் குழுக்களிலும் மை வைத்த விரலின் படம் ஒன்று வந்து விழுந்தது: 'நான் என் கடமையைச் செய்துவிட்டேன். நீங்கள்?' சாவடிக்குள் கைப்பேசி கூடாது என்பதால், ஒரு மணிக்கு வெளியே வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். வரிசையில் அவர் நின்றதாக ஞாபகம் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. நெரிசலில் கவனிக்கவில்லை போலும் என்று சாப்பிடப் போய்விட்டேன். கணக்கு வாத்தியார் செய்கிற காரியமா அது?

நடந்தது இதுதான். படம் போன தேர்தலில் எடுத்தது. ஊரை எழுப்பிவிட்டு, கூட்டம் குறைந்ததும் பதினொரு மணிக்குப் போகலாம் என்று சார் நினைத்திருந்தார். அதற்குள், வாக்களிப்பது கடமையா உரிமையா என்று யாரோ ஒரு குழுவில் கேட்டுவிட்டார்கள். இப்படியொரு கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எந்தக் கருத்து வாத்தியாரால் முடியும்? முதல் பாகம் பன்னிரண்டுக்கு. இரண்டாம் பாகம் மூன்றரைக்கு. மூன்றாம் பாகத்தை அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஆறு இரண்டு. லுங்கியோடு ஓடினார். கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

"நான் வேட்பாளரோட வீட்டுக்காரர்ங்க," என்றார் காவலரிடம், மூச்சு வாங்க.

"தெரியும் சார். உங்க மெசேஜப் பாத்துட்டுத்தான் எங்க வூட்டுக்காரி காலைல ஏழரைக்கே போயி ஓட்டு போட்டா. சூப்பரா எழுதிருந்த சார்," என்று சல்யூட் அடித்தார் காவலர். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இடது ஆள்காட்டி விரலில் பெரிய பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிக்கொண்டார். "கத்தி கிழிச்சிடுச்சு" என்றார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் கத்தியைத் தொட்டதே அன்றுதான் என்று ஜாய்ஸ் நெகிழ்ந்துபோனார்.

மூன்றாம் நாள் வாக்கு எண்ணிக்கை. முகவர்களாகச் சாரும் செங்கம்மாளும் நானும் ஜாய்ஸுடன் உள்ளே இருந்தோம். சந்திரம்மா இருநூற்று எண்பத்தாறு. ஜாய்ஸ் இருநூற்று எண்பத்தாறு. மறுபடி பார்த்தார்கள். அதே எண்பத்தாறு. "சமம். சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியதுதான்," என்றார் அதிகாரி.

செங்கம்மாள் கொதித்தெழுந்தார். "ஒரே ஒரு ஓட்டு! எவன் அவன், வூட்ல குந்திகினு இருந்தவன்? கைல கெடைக்கட்டும், செதில உரிச்சிடறேன்!"

ஸ்டான்லி சாரின் முகம் வெளுத்தது. பேசாமல் இருந்திருக்கலாம், பிளாஸ்திரிக்கு இன்னும் ஒரு வாரம் ஆயுள் இருந்தது. ஆனால் அவர் ஜாய்ஸைப் பார்த்தார். இரண்டு வாரம் நடந்து நடந்து காய்த்துப்போன அவர் பாதங்களைப் பார்த்தார். மெல்லப் பிளாஸ்திரியை உரித்தார். விரல் பளிச்சென்று இருந்தது. கீறலும் இல்லை, மையும் இல்லை.

"நான் போடல ஜாய்ஸ்."

அவர் வாழ்நாளில் வெளியிட்ட மிகச் சிறிய கருத்து அதுதான்.

"இன்னா சார் சொல்ற? வெரலு போட்டோ வந்துச்சே?"

"அது போன எலெக்‌ஷன்ல எடுத்தது."

"அடப் பேஜாரே! மீன் கூடைய ரோட்ல வுட்டுட்டு வந்து போட்டவ நானு. அத்தினி மெசேஜ் போட்டியே சார், நாலு எட்டு நடக்க முடியல?"

ஜாய்ஸ் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி படக் கூடாதுன்னு மூணு நாளா உங்க தட்டையும் நானே கழுவினேன்," என்றார் தணிந்த குரலில். திட்டியிருந்தால் சார் தாங்கியிருப்பார்.

இரண்டு சீட்டுகளை மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். பக்கத்தில் நின்ற சார் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "கர்த்தரே, ஒரு வாரம் எழுத மாட்டேன்." டப்பா குலுங்கியது. "சரி, ஒரு மாசம்." அதிகாரியின் கை உள்ளே போனது. "குடும்பத்தைப் பத்தி எப்பவுமே எழுத மாட்டேன் ஆண்டவரே!"

"ஜாய்ஸ்," என்றார் அதிகாரி.

செங்கம்மாள் போட்ட கூச்சலில் வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஸ்டான்லி சார் சின்னப் பிள்ளைபோல அழுதார். சந்திரம்மாவே வந்து முதுகில் தட்டிக் கொடுத்து, "அழுவாத சார். நீ வூட்லயே இருந்ததுக்கு நான்தான் உனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்; குலுக்கல் வரைக்குமாவது வந்தேன்," என்றார்.

ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? மறுநாள் காலை ஐந்தரைக்கு வந்தது: 'ஒரு ஓட்டின் மதிப்பு – என் அனுபவம். பிறருக்குப் பாடமாக இருக்கட்டும் என்று இந்த ஒன்று மட்டும்.' முந்நூறு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். ஜாய்ஸ் தூக்கவில்லை. வார்டுக்கென்று ஒரு குழு தொடங்கி, அட்மின் மட்டுமே எழுதலாம் என்று பூட்டினார். அட்மின்கள் இரண்டே பேர்: ஜாய்ஸ், செங்கம்மாள். சாருக்கு வேறு வேலை கொடுத்தார். தினமும் காலை ஐந்தரைக்குத் தெருத் தெருவாக நடந்து, எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எதில் வரவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் நோட்டும் கையுமாக நடந்தவரை நானே பார்த்தேன். குடத்தோடு நின்ற பெண்களிடம் பூமியின் நன்னீர் இருப்பைப் பற்றி ஆரம்பித்தார். "சார், இன்னிக்கு வருமா வராதா? அத மட்டும் சொல்லு," என்றார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "வராது" என்றார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் "வரும்" என்றார். வந்தது. அன்று காலை அவர் எதுவும் எழுதவில்லை, நேரமில்லையாம்.

இத்தனை தூரம் படித்துக்கொண்டு வந்த உங்களுக்கு, இந்த ஆளை எனக்குத் தெரியுமே, எங்கள் தெருவிலேயே ஒருத்தர் இருக்கிறாரே என்று ஒரு பெயர் மனதில் ஓடியிருக்கும். சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. அந்தப் பெயருக்குரியவரும் இதே பக்கத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கிறார். அவரும் சிரிக்கிறார். யாரை நினைத்துக்கொண்டு என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?