கெர்னல் மாற்றிய மறுநாள் பெண்ணின் அப்பா வந்தார்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷினைப் பார்த்துக் கவலைப்படுகிறவனைவிட ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. மெஷின் கெட்டால் மெக்கானிக் வருவார், சரி செய்வார், டீ குடிப்பார், போய்விடுவார். கெடாத மெஷின் கெட்டுவிடுமோ என்று பயந்துகொண்டு ஒருவன் வந்தால்தான் அது உண்மையிலேயே கெடும். இதை நான் அடித்துச் சொல்லுவேன். அந்த ஒருவன் நான்தான்.

கவலைப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல தேர்ச்சி. பத்தாம் வகுப்புப் பரீட்சையை நினைத்து எட்டாம் வகுப்பிலேயே காய்ச்சலில் படுத்தவன் நான். எழுந்தபோது பள்ளிக்கூடம் போவதில்லை என்று முடிவாகியிருந்தது. (வீட்டில் யாரும் பெரிதாக மறுத்துப் பேசவில்லை. வீட்டின் கவலைகள் வேறு.) தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். தெருவில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. வெடிமருந்து அறை வாசலில் நின்றாலே எனக்குக் கால் பின்னும் என்பதால் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் சேர்ந்தேன். பேப்பர் தூக்கினேன், பசை கிண்டினேன், லேபிள் எண்ணினேன். கடைசியில், அங்கே இருந்தவர்களில் சட்டை கொஞ்சம் சுத்தமாக இருந்தது எனக்குத்தான் என்பதால், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள்.

இது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில். திருட்டு சாப்ட்வேர் வைத்திருக்கிற பிரஸ்ஸுக்கெல்லாம் சோதனை வரப்போகிறது என்று அப்போது ஊருக்குள் ஒரு பேச்சு. எங்கள் முதலாளி அண்ணாச்சி உஷாரான ஆள். மதுரையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த தன் அக்கா மகன் பிரபுவை வரவழைத்து, ஒரு கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போடச் சொல்லிவிட்டார். “காசும் கெடையாதாம், கேசும் கெடையாதாம்லே” என்று அதை என் தலையில் கட்டினார். காதுகுத்து நோட்டீஸ், கடைத் திறப்பு நோட்டீஸ், பட்டாசுப் பெட்டி லேபிளில் பெயர் மாற்றுவது எல்லாம் அதில்தான். நானும் திக்கித் திணறிப் பழகிவிட்டேன். யாரும் தொடாத அந்த மெஷினை நான் ஓட்டுகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் அம்மா எனக்குப் பெண் பார்த்தாள். பெண் பெயர் ராமலட்சுமி. கோயில் கொடையில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவளும் பார்த்தாள். (பார்த்தாள் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.) அவளுடைய அப்பா சங்கிலி, ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்ப்யூட்டரில் வேலை என்று சொல்லிக்கொண்டு பல மாப்பிள்ளைகள் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த காலம் என்பதால், அவர் நேரில் பார்க்காமல் பேச்சை எடுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். “வியாழக்கெழம பிரஸ்ஸுக்கு வாராகளாம். நோட்டீஸ் அடிக்க வந்த மாதிரி வருவாக. ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிராத. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் தெளிவா வச்சுக்க.”

மூஞ்சி என் கையில் இல்லை. மெஷின் என் கையில்தானே இருக்கிறது? அவர் வரும் நேரத்தில் அது நின்றுவிட்டால்? கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடி ஒன்று மேசையில் கிடந்தது. பழைய கெர்னலில் சில கோளாறுகள் உண்டு, புதியதற்கு மாறுவது நல்லது என்று அந்தப் பத்திரிகையில் போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். கெர்னல் என்றால் கம்ப்யூட்டரின் அடிமடி. மவுஸ், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். அதுவரை என் மெஷினில் ஒரு கோளாறும் வந்ததில்லை. கோளாறு இருக்கிறது என்று படித்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

புதன்கிழமை சாயங்காலம் சிடியைப் போட்டு ஏற்றிவிட்டேன். எழுத்துகள் சரசரவென்று ஓடின. எல்லாம் முடிந்து மறுபடி கிளம்புகிற நேரத்தில் கரண்டு போய்விட்டது. பிரஸ்ஸைப் பூட்டினார்கள். ‘நாளைக்கு ஒரு கவலையும் இல்லை’ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் அப்படி நினைத்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அந்தத் தப்பைச் செய்வதில்லை.

வியாழக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு மெஷினைப் போட்டேன். திரை வந்தது. நடுவில் அம்புக்குறி நின்றது. மவுஸை நகர்த்தினேன். அம்புக்குறி நகரவில்லை. வேகமாக நகர்த்தினேன். தூக்கி வைத்து நகர்த்தினேன். அணைத்துப் போட்டு நகர்த்தினேன். வயரைக் கழற்றித் துடைத்து மாட்டி, சாமி கும்பிட்டுவிட்டு நகர்த்தினேன். அம்புக்குறி அங்கனயே நின்றது.

“வணக்கம் மொதலாளி. ஒரு நோட்டீஸ் அடிக்கணும்” என்று வாசலில் குரல் கேட்டது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மருந்து அறைப் பழக்கதோஷத்தில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார் சங்கிலி. அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

“வாங்க மா…” என்று ஆரம்பித்து, விழுங்கி, “வாங்க சார்” என்று முடித்தேன்.

“இருக்கட்டும் தம்பி, நீங்க வேலையப் பாருங்க” என்று பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து. நோட்டீஸு எந்தத் தேதியில வேணும்னு நெதானமாச் சொல்லுதேன். மொதல்ல இது எப்படி ஓடுதுன்னு பாக்கணும். நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.”

நான் மவுஸைப் பிடித்தேன். அம்புக்குறியைப் பார்த்தேன். அவரும் அம்புக்குறியைப் பார்த்தார்.

“ஏன் தம்பி ஓட மாட்டேங்குது?”

“சூடாகணும் சார்.”

“ஓ.” மரியாதையாகக் காத்திருந்தார். தொழில் தெரிந்த மனிதர், தொழிலுக்குரிய பொறுமையும் இருந்தது. எனக்குத்தான் இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மவுஸைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினேன்.

இங்கே அவருடைய தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. வெடித்த வெடியைப் பற்றிப் பட்டாசுக்காரர்களுக்குக் கவலை இல்லை. வெடிக்காமல் கிடக்கிறதே, அதுதான் எமன். அதிலும் உள்ளே பொறி தெரிந்தால் கேள்வியே கிடையாது. யோசிக்கக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது, பக்கத்தில் இருக்கிற வாளியில் முக்கிவிட வேண்டும். சங்கிலி தன் வாழ்நாளெல்லாம் நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்.

என்னுடையது அடியில் சிவப்பு விளக்கு எரிகிற மவுஸ். அதுவரை வேலை செய்யாமல் கிடந்த அந்தக் கருப்பு உருண்டையின் வயிற்றுக்குள் செக்கச்செவேல் என்று ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார் அவர்.

“ஏலே! பொறி இருக்குலே! கைய எடு!”

சொல்லி முடிப்பதற்குள் என் கையிலிருந்து மவுஸ் போய்விட்டது. மேசைக்குக் கீழே, ஆல்பத்தில் மாதிரி லேபிள் ஒட்டுவதற்காகப் பைண்டிங் அக்கா அப்போதுதான் கிண்டி வைத்திருந்த மைதாப் பசை வாளி. வயரும் சரியாக அங்கே வரைக்கும் எட்டியது. (எட்டாமல் இருந்திருக்கலாம். என் நேரம்.) முழங்கை வரை கையை விட்டு அமுக்கினார். பசைக்குள்ளேயும் விளக்கு அணையவில்லை. பால்கோவாவுக்குள் ரோசாப்பூ வைத்த மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பிறகு மினுக்கியது. பிறகு போய்விட்டது.

“அணஞ்சிருச்சு” என்றார் சங்கிலி, பெருமூச்சோடு. “இனிப் பயமில்ல. தம்பிக்குக் கையில ஒண்ணும் படலயே?”

சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணாச்சி வாளியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பசை ஒழுகும் கையைப் பார்த்தார். “என்னங்க போர்மேன் பண்ணி வச்சிருக்கீக? அது லைட்டுங்க! அப்படித்தான் எரியும்!”

பைண்டிங் அக்கா சிரித்த சிரிப்பில் வெட்டிய பேப்பரெல்லாம் பறந்தது. சங்கிலியின் முகம் சுண்டிவிட்டது. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. செத்துப்போன மவுஸுக்குக் காரணம் கிடைத்துவிட்டது! இனி என்னை யார் கேட்பார்கள்?

“மன்னிச்சிருங்க மொதலாளி. இப்பமே புதுசு வாங்கியாந்து தாரேன்” என்று கையைக் கழுவிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார் அவர். அவர் தெருமுனை திரும்புவதற்குள் என் ஜில் போய்விட்டது. பழைய மவுஸ் பசைக்குள் போவதற்கு முன்னாலேயே ஓடவில்லை. அப்படியென்றால் புதுசு மட்டும் எப்படி ஓடும்?

ஓடவில்லை. மெஷினை அணைத்து, அவர் கொண்டுவந்த புது மவுஸை மாட்டிப் போட்டேன். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சங்கிலி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அம்புக்குறி நடுத்திரையில் குத்துக்கல்லாக நின்றது.

“இதத்தான் யாரும் முக்கலயே?” என்றார் அண்ணாச்சி.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கு ஒரேயடியாக அவிழ்ந்துகொண்டது.

“நேத்தே போயிருச்சு மாமா! நான்தான் கெர்னல மாத்தினேன். நீங்க வாற நேரத்துல நின்னுரக் கூடாதேன்னு மாத்தினேன் மாமா!”

“மாமாவா?” என்றார் அண்ணாச்சி.

“அப்ப நான் வாரது ஒங்களுக்கு முன்னமே தெரியுமாக்கும்?” என்றார் சங்கிலி.

கல்யாணமும் போச்சு, வேலையும் போச்சு என்று அந்த இடத்திலேயே கணக்கை முடித்தேன். “கெர்னல்னா என்னதுலே?” என்று அண்ணாச்சி கேட்டார். தொலிக்குள்ளே பருப்பு இருக்கிற மாதிரி, கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது என்றேன். அவர் குடும்பம் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த குடும்பம். “ஓடுற மெசினுக்குள்ள எவனாவது பருப்ப மாத்துவானாலே?” என்று தலையில் அடித்துக்கொண்டே, தன் அறையில் இருந்த போனில் மதுரைக்கு அடித்தார்.

பிரபு விஷயத்தைக் கேட்டதும் சிரித்தானாம். மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது, மவுஸோடு பேசுகிற பகுதியைப் புதுக் கெர்னல் தானாக ஏற்றிக்கொள்ளவில்லை, நாம்தான் ஒரு வரி அடித்து ஏற்ற வேண்டும் என்றான். போன் அண்ணாச்சி அறையில். கம்ப்யூட்டர் இந்தக் கோடியில். நடுவில் ஆப்செட் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி ‘பி’ என்று சொன்னால் எனக்கு எந்தப் ‘பி’ என்று புரியவில்லை.

சங்கிலிதான் நடுவாசலில் போய் நின்றார். ஆங்கிலம் அவருக்குப் பட்டாசுப் பெட்டியில் பார்த்த அளவுக்குத் தெரியும். அண்ணாச்சி சொல்கிற எழுத்தைக் காதில் வாங்கி, அது எந்த வெடியின் முதலெழுத்து என்று பார்த்து, அந்த வெடியின் பெயரை என் பக்கம் எறிந்தார்.

“மத்தாப்பு! ஒத்தவெடி! டபுள்சவுண்டு! பென்சிலு! ராக்கெட்டு! மறுபடி ஒத்தவெடி! பிஜிலி! எலக்ட்ரிக் கம்பி!”

நான் அடித்தேன். வெடிப் பெயர் ஒன்றுகூடத் தப்பவில்லை. தாயில்பட்டிக்காரனுக்கு அது எப்படித் தப்பும்?

“கொஞ்சம் எடம் விடணுமாம்! அடுத்து, பென்சிலு! சங்குசக்கரம்! மத்தாப்பு! ஒத்தவெடி!” பிறகு நின்றுவிட்டார். அண்ணாச்சி உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். சங்கிலி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “யூ-வுல வெடியே கெடையாது தம்பி! யூ-ன்னே போட்டுக்கிருங்க! அப்புறம் சங்குசக்கரம்! எலக்ட்ரிக் கம்பி! சோலி முடிஞ்சதாம், தட்டுங்க!”

தட்டினேன். மவுஸைத் தொட்டேன்.

அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. பைண்டிங் அக்கா குலவை போட்டாள். அண்ணாச்சி போனை வைக்காமலே எட்டிப் பார்த்தார். சங்கிலி ஸ்டூலில் உட்கார்ந்து காதுகுத்து நோட்டீஸுக்கான பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் அடித்தேன், புரூப் எடுத்துக் கொடுத்தேன், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. வாசலில் செருப்பைப் போடும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் நான் சாப்பிட்ட சோற்றை ஒரு கோழி தின்றிருந்தால் அதுவே போதவில்லை என்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம்தான் பேசினார், நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“பய ரொம்பப் பயந்தவனா இருக்கான் தங்கச்சி.”

“ஆமாண்ணே, சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தான்” என்றாள் அம்மா, எல்லாம் முடிந்த குரலில்.

“நானும் எம்புட்டோ ஆளுகள வேலைக்கு வச்சிருக்கேன். ‘எனக்குப் பயமே கெடையாது’ன்னு வந்தவன்ல பாதிப் பேரு வீட்டுக்கு நான்தான் போய் எழவு சொல்லியிருக்கேன். எம் மகளுக்குப் பயந்தவனே போதும். நாள் பாருங்க.”

எங்கள் கல்யாணப் பத்திரிகையை அந்த மெஷினில் நான்தான் அடித்தேன். அதை முடிக்கும்வரை மெஷினில் எதையும் மாற்றவில்லை.

அன்றைய கதை இப்போது எங்கள் வீட்டில் இரண்டாக இருக்கிறது. ஒன்று நான் சொன்ன இது. இன்னொன்று மாமனார் சொல்வது. அதில் உண்மையிலேயே பொறி இருந்தது, அவர் முக்கியதால்தான் பிரஸ் பிழைத்தது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்ததும் அதைச் சொல்லுவார். பெண் கொடுத்தவர், நான் மறுத்துப் பேசுவதில்லை.

சில வருடம் கழித்து டிவிக்குப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் சாப்பிட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். பெட்டியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. அதையே உற்றுப் பார்த்தவர் மெதுவாக எழுந்து, அக்கம்பக்கம் ஏதாவது வாளி கிடக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.

ராமலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

“நீங்க உக்காருங்கப்பா. ஒண்ணும் ஆகாது. அவுக இன்னும் அதுல கை வைக்கல.”