பத்து மணிச் சங்கு

யுத்த காலத்தில் எதையும் வீணாக்கக் கூடாது என்பது சர்க்கார் கொள்கை. ஆகவே குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்கப் புதிதாகக் கருவி வாங்காமல், விமானத் தாக்குதலுக்கென்று வைத்திருந்த அபாயச் சங்கையே பயன்படுத்துவது என்று தீர்மானமாயிற்று.

சாந்தோம் கோயிலருகே ஒரு கொட்டகையில் தாய்மார்கள் குழந்தைகளோடு கூடினார்கள். சங்கு கேட்டதும் குழந்தை கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் செவிடு என்று சர்ட்டிபிகேட். அதை விரும்பி வந்தவள் தையற்காரி வெரோனிகா ஒருத்திதான். அவள் மகன் ஆரோக்கியநாதனுக்கு ஐந்து வயது. இன்னும் 'அம்மா' என்றதில்லை. சர்ட்டிபிகேட் இல்லாமல் செவிடர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள்.

அதிகாரி சிதம்பரநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணி. சங்கு ஊதியாயிற்று."

ஒரு காகம்தான் கத்தியது.

தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செவிட்டுப் பெண்ணை எவன் கட்டுவான்? வெரோனிகாவின் பக்கத்து வீட்டுப் பியாட்ரிஸ் தன் மகள் மர்சலினின் கையைப் பிடித்துத் தூக்கினாள். மறுகணம் கொட்டகை முழுவதும் கைகள். அதைப் பார்த்து ஆரோக்கியநாதனும் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கினான்.

"இரண்டு காதும் கேட்கிறது" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

"ஐயா, சங்கு ஊதவே இல்லியே" என்றாள் வெரோனிகா.

"பத்து மணிக்கு ஊத வேண்டும் என்று உத்தரவு இருக்கிறதே அம்மா."

"என் காதுல விழலியே."

அதிகாரியின் முகத்தில் இரக்கம் படர்ந்தது. "எத்தனை நாளாக இப்படி?"

பியாட்ரிஸ் வெரோனிகாவின் முந்தானையை இழுத்தாள். "ஏய், கேட்டுச்சுன்னு சொல்லிட்டுப் போயேன். இன்னா இப்போ?"

"கேக்கலியேக்கா."

வெரோனிகாவுக்கு முழுச் செவிடு என்று சர்ட்டிபிகேட் கிடைத்தது. செவிடர் பள்ளிக்குச் செல்பவர், காது கேட்கும் துணை ஒருவரை அழைத்துச் செல்ல விதியில் இடமுண்டு. சோதனையில் தேறிய ஆரோக்கியநாதனையே அதிகாரி துணையாக நியமித்தார்.

பள்ளியில் கன்னியாஸ்திரீ இருவருக்கும் பின்னால் நின்று கை தட்டினார். மாணவி திரும்பினாள். துணை திரும்பவில்லை.

"உனக்கு நல்லா கேக்குதே. யார் கொடுத்த சர்ட்டிபிகேட் இது?"

"கேக்காததைக் கேக்கலன்னு சொன்னேன் மதர். கொடுத்துட்டாங்க."

மதர் சற்று யோசித்து, துணையை முதல் பெஞ்சியிலும் மாணவியை வாசலிலும் உட்காரவைத்தார்.

சில மாதங்களில் ஆரோக்கியநாதன் 'அம்மா' என்றான். பியாட்ரிஸ் அதைக் கேட்டாள். மறுநாள் மர்சலினை அழைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள்.

"கூப்ட்டா இவளும் திரும்பறதில்ல சாமி. அடுத்த சோதனை எப்போ?"

"இனி எதற்கு அம்மா? சாந்தோமில் காது கேளாத குழந்தை ஒன்றுகூட இல்லை என்று மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது."

மர்சலின் அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.