கிரிட்டிக்கல் மேடம் சொன்ன தேதி

ஓசூர்த் தொழிற்பேட்டை முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், "வேலை எப்போ முடியும்?" என்ற கேள்விக்கு ஒரு தேதியைப் பதிலாகச் சொன்ன மனுஷி ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் "ஆயிட்டே இருக்குது" என்பார்கள். "முடிஞ்ச மாதிரிதான்" என்பார்கள். "நாளைக்குக் காலைல பாருங்க" என்பார்கள். எந்த நாளைக்கு என்று சொல்ல மாட்டார்கள். பதினெட்டு வருடமாக இங்கே பர்ச்சேஸ் பிரிவில் குப்பை கொட்டுகிறவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

அந்த ஒருவர்தான் கிரிட்டிக்கல் மேடம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அது புழக்கத்தில் இல்லை.

நாங்கள் வாகனங்களுக்கு உதிரி பாகம் அடித்துக் கொடுக்கிற கம்பெனி. புதுக் கொட்டகை கட்டி, அதில் ஒரு பெரிய பிரஸ் மெஷினை நிறுத்தி, குறிப்பிட்ட தேதிக்குள் முதல் லோடு அனுப்பினால் பெரிய ஆர்டர் ஒன்று கையெழுத்தாகும் என்ற நிலை. அனுப்பாவிட்டால் ஆர்டர் எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் போய்விடும். கூடவே எங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள் ஐம்பது பேரின் வேலையும் போய்விடும். இந்தத் திட்டத்தைக் கட்டி மேய்க்கத்தான் பிளானிங் இன்ஜினீயராக அவரை எடுத்தார்கள். கெலவரப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். முப்பத்தைந்து வயது, ஸ்கூட்டர், தோளில் ஒரு சுருட்டிய சார்ட். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே வேகத்தில் ஆளைப் பிடித்து நிறுத்துவார்.

வந்த முதல் வாரமே பட்டறைக்குள் நடந்து, ஒவ்வொருவரிடமும் அவர் அன்றைக்குக் கிரிட்டிக்கலா இல்லையா என்று அறிவிக்க ஆரம்பித்தார். ஃபிட்டர் முனிராஜு முதல்நாளே பயந்துவிட்டார். அவருக்குத் தெரிந்து அந்த வார்த்தையை ஆஸ்பத்திரியில்தான் சொல்வார்கள். மேடம் அவரை உட்கார வைத்து விளக்கினார்.

"நம்ம கம்பெனி வேன் இருக்குது இல்லண்ணா? ஸ்டாப்புல யாரு லேட்டா வந்தா வேனே லேட்டாவுமோ, அவரு கிரிட்டிக்கல். மத்தவங்க நிதானமாத் தலை சீவிக்கலாம். வேலையும் அப்படித்தான். எந்த வேலை ஒரு நாள் தள்ளினா கடைசித் தேதியும் ஒரு நாள் தள்ளுமோ, அதெல்லாம் ஒரே வரிசையில வரும். அந்த வரிசைக்குப் பேருதான் கிரிட்டிக்கல் பாத்."

அதற்குப் பிறகு டீ நேரத்தில் ஆளாளுக்கு வந்து, "மேடம், இன்னைக்கு நான் கிரிட்டிக்கலா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இல்லை என்று சொன்னால் சிலருக்கு நிம்மதி, பலருக்கு அவமானம். வெல்டர் ஒருவர், பத்து நாளாகத் தன்னை ஒருமுறைகூடக் கிரிட்டிக்கல் ஆக்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் புகாரே கொடுத்தார்.

பெயர் வெளியே பரவியதில் ஒரு விபரீதமும் நடந்தது. ஒருநாள் மேடம் சளி என்று லீவு போட்டிருந்தார். அத்திப்பள்ளியிலிருந்து எங்களுக்குச் சாமான் அனுப்புகிறவர் ஃபோன் செய்ய, எங்கள் ஸ்டோர்ஸ் ஆள், "மேடம் கிரிட்டிக்கல் இன்னைக்கு வரல, உடம்பு சரியில்ல" என்றிருக்கிறார். மறுநாள் காலை அந்த மனிதர் இரண்டு கிலோ ஆப்பிள், ஒரு டஜன் சாத்துக்குடியுடன் கலங்கிய கண்ணோடு கேட்டில் நின்றார், எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துக்கொண்டு. மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பழப்பையை வாங்கிக்கொண்டு, போன வாரம் வரவேண்டிய பம்ப் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். அது அன்று மாலையே வந்தது.

அவருக்குச் சில வார்த்தைகள் ஆகாது. முக்கியமாக, "தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சுது." எங்கள் கம்பெனியில் எந்த வேலையும் இரண்டாம் நாளே தொண்ணூறு பர்சென்ட் முடிந்துவிடும். மிச்சம் பத்துக்கு இரண்டு மாதம் ஆகும். மேடம் அந்தக் கணக்கையே தடை செய்தார். தமிழனிடம் "ஆயிடுச்சா, ஆவலயா?" கன்னடக்காரரிடம் "ஆய்தா, இல்வா?" தெலுங்குக்காரரிடம் "அயிந்தா, லேதா?" ஆயிற்று, ஆகவில்லை என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு பதிலை அவர் நோட்டில் எழுத இடமே இல்லை.

புரொடக்ஷன் மேனேஜர் தன் திட்டத்தில் "மைல்ஸ்டோன்: டிரையல், ஒரு வாரம்" என்று எழுதியிருந்தார். மேடம் அதைச் சிவப்பால் வட்டமிட்டு, மைல்ஸ்டோன் என்றால் வேலை அல்ல, கல் என்று சொன்னார். பஸ்ஸில் போகும்போது சூளகிரிக் கல்லைத் தாண்டுகிறோம், அவ்வளவுதான்; யாரும் அந்தக் கல்லின் மேல் ஒரு வாரம் உட்கார்ந்திருப்பதில்லை. அதற்கு நாள் கணக்குக் கிடையாது, பூஜ்யம்.

முதலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட திட்டத்துக்கு பேஸ்லைன் என்று பெயர். அதை லாமினேட் செய்து ஜி.எம். அறை வாசலிலேயே மாட்டினார். நடுவில் தேதியைக் கொஞ்சம் திருத்திவிடலாமே என்று ஜி.எம். கேட்டபோது, கல்யாணத்தில் தாலி கட்ட நேரமாகலாம், அதற்காகப் பத்திரிகையில் அச்சடித்த முகூர்த்தத்தை யாரும் அழித்து எழுதுவதில்லையே என்றார் மேடம். ஜி.எம். தன் மகள் கல்யாணத்தில் முகூர்த்தம் தவறியதை யாரோ இவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு வாரம் எங்கள் எல்லாரையும் சந்தேகப்பட்டார்.

ஜி.எம். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் குளிக்கும்போது அவருக்கு ஏதாவது தோன்றும். கொட்டகை கட்டுவதோடு விருந்தாளிகளுக்கு ஒரு ஏ.சி. அறை, அறையோடு ஒரு பால்கனி, பால்கனியில் செடி என்று நாளுக்கொன்று சேர்த்தார். மேடம் மறுக்கவே மாட்டார். "ஷேர் ஆட்டோல இன்னொரு ஆள் ஏத்தலாம் சார். எவ்ளோ லேட்டாவும்னு மட்டும் சொல்லிடறேன்" என்று பால்கனிக்கு நேராகப் பதினோரு நாள் என்று எழுதுவார். பால்கனி இறங்கிக்கொண்டது.

இந்தச் சமயத்தில்தான் என் கதை குறுக்கே வருகிறது. என் மனைவி தலைப்பிரசவத்துக்குக் கோவில்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து வந்த பிரசவம். ஒரு வாரம் லீவு கேட்டேன். மெஷின் வருகிற நேரத்தில் பர்ச்சேஸ் ஆள் ஊருக்குப் போய்விட்டால் எப்படி என்று ஜி.எம். கையை விரித்துவிட்டார். மெஷினுக்கான ஆயில் கூலரை வாங்கும் பொறுப்பு என்னுடையது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மேடம் பார்த்துவிட்டு, டாக்டர் என்ன தேதி சொன்னார் என்று கேட்டார். சொன்னேன்.

"அது எஸ்டிமேட்டு சார். முன்ன பின்ன எத்தனை நாள்?"

எனக்கு அது தெரியவில்லை. உடனே மனைவிக்கு ஃபோன் போடச் சொல்லி அவரே பேசினார். பேசிவிட்டு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனார். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் வினை வந்தது. மழையால் மெஷின் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போடுவது ஒன்பது நாள் தள்ளிப் போயிருந்தது. கான்கிரீட் இறுக இருபத்தெட்டு நாள் சும்மா காத்திருக்க வேண்டும். கடைசித் தேதி அதோடு ஒன்பது நாள் தள்ளிவிட்டது. அந்த வாரமே ஆர்டர் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். காத்திருப்பைப் பதினாலு நாள் என்று சார்ட்டில் மாற்றும்படி ஜி.எம். சொன்னார். மேடம், ஆட்களை ஓவர்டைம் பார்க்கச் சொல்லலாம், கான்கிரீட்டுக்கு ஓவர்டைம் கொடுக்க முடியாது என்றார். நாளைக்கு அந்த அதிகாரி முன்னால் ஒன்பது நாள் லேட் என்று சொன்னால், நாளை மறுநாள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று ஜி.எம். சொன்னார். இதை என் காதால் கேட்டேன்.

மறுநாள் மீட்டிங். சுவரில் புரொஜெக்டர் வழியாகச் சார்ட் பெரிதாக விழுந்திருந்தது. வந்தவர் அறுபதை நெருங்கியவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாற்பத்து மூன்றாவது வரியில் நின்றார். அங்கே ஒரு சிறிய வைரக்குறி. நேராக, "பர்ச்சேஸ் சார் குழந்தை" என்று எழுதியிருந்தது.

இது என்ன என்று கேட்டார். நான் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று யோசித்தேன்.

"மைல்ஸ்டோன் சார்," என்றார் மேடம். "அவரு ஊருக்குப் போவணும். அவரு வாங்கற கூலர், கான்கிரீட்டு இறுகினதுக்கு அப்புறம்தான் வேணும். அதுல ஆறு நாள் ஃப்ளோட் இருக்குது. போய்ட்டு வந்துடுவாரு, பிளானுக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, எதற்கென்று தெரியாமல் வணக்கம் சொன்னேன். அவர் பதிலுக்குத் தலையசைத்துவிட்டு, கடைசி வரிக்குப் போய், தாங்கள் கேட்ட தேதிக்கு முடிந்துவிடுமா என்று கேட்டார். ஜி.எம். "தொண்ணூறு பர்சென்ட்..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல சார்," என்றார் மேடம். "நீங்க கேட்ட தேதிக்கு முடியாது. ஒன்பது நாள் லேட்டாவும். அதுக்கு மேல ஒரு நாள்கூட ஆவாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

ஐம்பது பேரின் வேலை அந்த மேஜை மேல் கிடந்தது. ஜி.எம். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ஒரு யுகம் ஆனது.

பிறகு அவர் சொன்னார்: "நான் போற எல்லாக் கம்பெனியிலும் தொண்ணூறு பர்சென்ட்னுதான் சொல்றாங்க. அதனால எனக்கு நெஜமா வேண்டிய நாளுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எல்லாருக்கும் தேதி கொடுத்துடுவேன். உங்களுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். ஒன்பது நாள் தாங்கும்மா. ஆனா பத்தாவது நாள் கேக்கக் கூடாது."

கூட்டம் கலைந்த பிறகு மேடத்தைத் தேடிப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயம் இல்லாம இருக்குமா சார்? வேலை போயிருந்தா நாளைக்கு எங்க அண்ணன்கூட முட்டைக்கோஸ் நடப் போயிருப்பேன். எனக்கு அதுவும் சரியா வராது" என்றார்.

வாடிக்கையாளரே பார்த்து ஒப்புக்கொண்ட வரி என்பதால் என் லீவை ஜி.எம்.மால் நிறுத்த முடியவில்லை. டாக்டர் சொன்னதற்கு மூன்று நாள் முன்னதாக, மேடம் குறித்து வைத்திருந்த எல்லைக்குள்ளேயே, எனக்குப் பெண் பிறந்தது. மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். "ஆயிடுச்சா? சந்தோஷம்" என்று பதில் வந்தது. அந்த ஆறு நாளில் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு ஃபோன்கூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது திரும்பி வந்த பிறகு முனிராஜு சொல்லித்தான் தெரிந்தது. நான் கிளம்பிய மறுநாளே கூலர் வந்திருக்கிறது, பைப் பொருந்தாத தப்பான மாடலாக. ஸ்டோர்ஸ் ஆள் என் நம்பரை அழுத்தப் போனபோது மேடம் ஃபோனைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாராம். கூலரை வேனில் ஏற்றிக்கொண்டு, முனிராஜுவையும் கூட்டிக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போய், அந்த ஆப்பிள் மனிதர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சரியான மாடல் வர மூன்று நாள் ஆகும் என்றதும், அந்த மூன்று நாளும் தினம் காலையில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாராம்.

நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சார்ட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஃப்ளோட்டுன்னா லீவு இல்ல சார். உங்க வேலை எத்தனை நாள் தள்ளினா அடுத்தவங்களுக்கு வலிக்காதோ, அதுதான் ஃப்ளோட். உங்களுதுல நாலு நாள் செலவாச்சு, ரெண்டு நாள் மிச்சம். பாப்பா போட்டோ காட்டுங்க."

சொன்ன ஒன்பதாவது நாள், மாலை நாலு மணிக்கு, முதல் லாரி கேட்டைத் தாண்டியது. ஐம்பது பேரும் வெளியே வந்து கை தட்டினார்கள். ஜி.எம். எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்து, தேதியை ஒன்பது நாள் தள்ளியது தன் யோசனை என்பதுபோல இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். மேடம் லாரியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டில் ஒரு டிக் போட்டார். பிறகு மைசூர்பாகு எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவர் கணவருக்குப் புனேயில் வேலை கிடைத்தது. மேடம் ராஜினாமா கொடுத்தார். எங்கள் கம்பெனியை விட்டுப் போகிறவர்கள் 'நோ டியூஸ்' என்று ஒரு தாளில் எட்டுப் பிரிவுகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அரை மணி நேர வேலை. ஸ்டோர்ஸில் சாவியைக் காணோம் என்று இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். பட்டறை சார்பில் கையெழுத்துப் போட வேண்டிய முனிராஜு, தனக்குப் படிக்கத் தெரியாத மாதிரி ஒருநாள் முழுக்கத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜி.எம்., வேண்டுமென்றேதான் இருக்க வேண்டும், அதன் மேல் காபியைக் கொட்டி, புதுத் தாள் வாங்கி வரச் சொன்னார். மேடம் தாளோடு நடந்துகொண்டே இருந்தார்.

கடைசியாக என்னிடம் வந்தது. பேனாவில் மை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். என் மேஜை மேல் நான்கு பேனா கிடந்தது. மேடம் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அப்படியென்றால் ஒரு டீ சொல்லுங்கள் என்றார்.