தும்மலுக்கும் அர்த்தம் சொன்னவர்

மாதக் கடைசி சனிக்கிழமை வாலிபர் எழுப்புதல் கூட்டம். இருநூறு நாற்காலி, நானூறு பேர். டிரம்ஸ், கிதார், புகை மெஷின். ஆவி இறங்குவதற்கு முன் புகை இறங்கிவிடும்.

மேடையில் 'அண்ணன் ஊழியர்'. அவருடைய வரம் வியாக்கியானம். ஜெப வேகத்தில் யாராவது, பேசுகிறவருக்கே புரியாத அந்நிய பாஷையில் பேசினால், உடனே பொருள் சொல்லிவிடுவார். இருபது விநாடிப் பேச்சுக்கு நாலு நிமிடப் பொருள். அவ்வளவு சிக்கனமான பாஷை அது.

பொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா. அண்ணனின் டிரைவர் நின்றுபோன மாதம், கார் ஓட்டத் தெரிந்த ஒருவன் அழைக்கப்பட்டான். போன மாதம் அண்ணனின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். ஆண்டவர் உடனே ஒரு நர்சிங் மாணவியை அழைத்தார்.

அவள் அந்தக் கூட்டத்தின் மைக்செட்காரருக்கு அக்கா மகள். அன்று அந்நிய பாஷை பேசியதும் அவள்தான், நடுவில் ஒரு தும்மலோடு. "மகளே, படிப்பை விட்டு வா" என்று அண்ணன் பொருள் சொன்னார். தும்மல், அவள் உலகத்தை உதறியதற்கு அடையாளமாம்.

இந்த மாதக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் மாமாவிடம் வந்தாள்.

"படிப்பை நிறுத்தறேன்னு லெட்டர் எழுதிட்டேன் மாமா. திங்கக்கிழமை காலேஜ்ல குடுத்துடுவேன்."

"அடுத்த வாரம் கடைசிப் பரீட்சை. உங்கம்மா மூணு வருஷமா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கல."

"ஆண்டவர் சொன்னதை எப்படி மாமா மீறுவேன்?"

மாமா பேசுகிறவர் அல்ல. பேசுகிறவர்களுக்கு மைக் வைக்கிறவர். கூட்டங்களைப் பதிவு செய்வதும் அவர் வேலைதான்.

மறுநாள் ஜெப நேரத்தில் விளக்குகள் அணைந்தன. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் அந்நிய பாஷையில் எழுந்தது. நடுவில் ஒரு தும்மல். மாணவி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். குரல் அவளுடையது, வாய் மூடியிருந்தது.

அண்ணன் கைகளை உயர்த்தினார். "பெயின்ட் அடிக்கிற ஒரு தம்பி இங்க இருக்கீங்க. உன் கைகளை எனக்குக் குடுப்பியான்னு ஆண்டவர் கேக்கறார். அந்தத் தும்மல், பழைய தூசி பறக்கறதுக்கு அடையாளம்."

அண்ணன் வீட்டுச் சுவர்கள் உரிந்துபோய் வெகுநாளாகிறது.

விளக்குகள் எரிந்தன. "பிரதர், இது போன மாசம் பதிவானது," என்றார் மைக்செட்காரர். "அன்னைக்கு நீங்க சொன்ன அர்த்தத்தையும் போடறேன்."

போட்டார். "மகளே, படிப்பை விட்டு வா" என்று அண்ணனின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அதே தும்மல் அன்று உலகத்தை உதறியதும் கேட்டது.

அண்ணன் தண்ணீர் குடித்தார். "ஆவியானவர் ஒரே வார்த்தையில ரெண்டு பேரைக் கூப்பிடலாம்."

பின்வரிசையில் பெயின்டர் எழுந்தார். "அப்ப அம்மாவை யாரு பாத்துக்கணும், சுவத்தை யாரு பாத்துக்கணும்னு அந்தத் தும்மல்ல தெளிவா இருக்குதா பிரதர்?"

கூட்டம் கலைந்தது.

மாணவி அழுத கண்ணோடு மாமாவிடம் வந்தாள். "அப்ப நான் பேசினது பொய்யா மாமா?"

"அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. இவரு அங்க யாரு?"

கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அன்று மாலை அதில் பரீட்சைக் குறிப்பு எழுதினாள். முதல் குறிப்பு: இடுப்பெலும்பு முறிந்தவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறை.

ஜெபிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. திறந்த பிறகு, ஊழியர் வீட்டில் இந்த மாதம் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.