எரிவாயுவுக்குச் சுண்ணாம்பு

கோதண்டராமன் முதல் கேள்வியைக் கேட்டபோதே இன்பராஜ் மாட்டிக்கொண்டான்.

"எரிவாயுவ திரவமாக்குறதுக்கு முன்னாடி இன்னா பண்ணுவாங்க?"

ஆம்பூரில் தோல் பதனிட்டே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது கையுறைப் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்பவர் எரிவாயு நிலையத்துக்குச் சாமான் அனுப்பும் துணை ஒப்பந்தக்காரராம். அங்கே கடுங்குளிர்த் திரவத்தைக் கையாள்பவர்களுக்குத் தோல் கையுறை வேண்டுமென்று வந்திருக்கிறார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கையுறைப் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி இஷ்தியாக் அகமது சொல்லியிருந்தார். அங்கே தைக்கிறவர்களில் இன்பராஜின் மனைவி மெர்சியும் ஒருத்தி. தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே என்று எச்சரித்துவிட்டு முதலாளி வாணியம்பாடிக்குக் கிளம்பிவிட்டார்.

இன்பராஜ் தனக்குத் தெரிந்த தோல் பக்குவத்தையே சொன்னான். "ஊறப் போடுவாங்க சார். அழுக்கு, ரத்தம் எல்லாம் போவணும்ல."

வாயுவில் ஏது ரத்தம் என்று கோதண்டராமன் கேட்கவில்லை. அடுத்து என்ன என்றார். ரத்தத்தை மறைக்க இன்பராஜ் அவசரமாகச் சுண்ணாம்புக்குத் தாவினான். சுண்ணாம்பில் போட்டுப் புரட்டினால் வேண்டாததெல்லாம் கழன்று வந்துவிடும் என்றான். முடி என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிறகு குளிர வைப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டு டிகிரி என்று மெர்சி போனில் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதைச் சொன்னதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"குளிர வெச்சா அறுநூத்துல ஒரு பங்கா சுருங்கிடும்னு சொல்றாங்களே?"

தோல்காரனுக்குச் சுருக்கம் என்றாலே நஷ்டம். வெந்நீர்ச் சோதனையில் சுருங்கிப்போன தோலுக்காக வாலாஜாபேட்டை பார்ட்டியிடம் வாங்கிய வசவு இன்னும் அவன் காதில் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"அவ்ளோ சுருங்குச்சின்னா மொத்த லாட்டும் ரிஜெக்ட்டு சார்."

கோதண்டராமனின் முகம் வெளுத்தது. ஆர்டர் கைவிட்டுப் போகிறது என்று இன்பராஜ் பயந்துவிட்டான்.

"கவலப்படாதீங்க. பலகையில வெச்சி நாலு பக்கமும் இழுத்து ஆணி அடிச்சா பழைய அளவுக்கு வந்துடும்."

தொட்டியில் இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வீணாகிறதே, அதற்கு என்ன வழி என்பது கடைசிக் கேள்வி. இதற்குள் இன்பராஜுக்குக் கூச்சம் விட்டுப்போயிருந்தது. கல்லுப்பு, என்றான். ஜாஸ்தியாகத் தூவி அடுக்கி வைத்தால் மழைக்காலம் முழுக்கக் கெடாது என்றும் சேர்த்துக்கொண்டான்.

கோதண்டராமன் எழுந்து வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு தெளிவாகத் தனக்கு யாரும் சொன்னதில்லை என்றார். கையுறை ஆர்டர் உங்களுக்குத்தான் என்று பள்ளிகொண்டா பெருமாள் மேல் சத்தியம் செய்துவிட்டு, மாதிரிகளைப் பார்க்க உள்ளே போனார்.

இன்பராஜ் வெளியே வந்து, தையல் மிஷினில் இருந்த மெர்சிக்கு ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவள் அங்கிருந்தே சிலுவை போட்டுக்கொண்டாள். பல நாளாக இறங்காமல் இருந்த பாரம் இறங்கியது.

கோதண்டராமனின் டிரைவர் அமீர் பாஷா காரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் சார் பெரிய ஆள், என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார் என்று இன்பராஜ் மனம்விட்டுப் பாராட்டினான்.

அமீர் பாஷா டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன மாசம் வரைக்கும் டைல்ஸ் கடை வெச்சினு இருந்தாருங்க, நாளைக்கு கேஸ் கம்பெனி இன்ஜினியருங்க இதெல்லாம் அவர கேப்பாங்களாம், நீங்க சொல்லிக் குடுத்தத அங்க அப்படியே ஒப்பிச்சி காண்ட்ராக்ட்ட வாங்குனாதான் உங்களுக்கு ஆர்டரு."