இருபத்தைந்தாம் தேதியில் இரண்டு பூச்சிகள்

சிவகாசி,
ஆகஸ்ட் 3.

அன்பு மகள் கற்பகவல்லிக்கு அப்பா தனுஷ்கோடி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அச்சாபீஸ் மிஷினும் சுகம். பெர்லினில் உன் சுகத்துக்கு முருகன் பொறுப்பு.

"இது உங்க போன்ல தெரியுதாப்பா?" என்று போன மாதம் ஒரு செய்தி அனுப்பினாயே, அதனால் வந்ததைக் கேள். அதன் கீழே இரண்டு வெற்றுக் கட்டங்கள்தான் தெரிந்தன. அம்மா கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பெட்டி போட்டிருக்கா. பெட்டியோட ஊருக்கு வாரா போல" என்றாள். நாலு வருடமாக வராத பிள்ளை. நம் டிசைனர் பாலகுருவிடம் காட்டினேன். உன் வேலையில் நீ செய்து முன்பு அனுப்பிய பழைய லிபி எழுத்துருவை அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கட்டங்கள் போய் இரண்டு கிறுக்கல்கள் வந்தன. "சூடான் நாட்டுல ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி எழுதுன மெரோயிட்டிக் நம்பர் அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல இதுக்கும் தனி இடம் குடுத்திருக்காக. வலதுபக்கமிருந்து வாசிக்கணும். இது இருபது, இது அஞ்சு" என்றான். இருபத்தைந்தாம் தேதி நீ வருவதாக அம்மா முடிவே கட்டிவிட்டாள். வருகிறவள் சொல்லாமல் வருவாளா என்று அதட்டி வைத்தேன். பாலகுரு அந்தக் கிறுக்கலை எங்கே வெட்டி எங்கே ஒட்டினானோ, மல்லாங்கிணறு மாரிக்கண்ணன் மளிகைக்கடையின் அடுத்த வருடக் காலண்டரில், ஜனவரி இருபத்தைந்தில் போய் அது உட்கார்ந்துகொண்டது. ஆர்டர் முழுக்க அச்சாகிவிட்டது. மாரிக்கண்ணன் நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இருபத்தஞ்சாந் தேதி எங்கன? இங்கன ரெண்டு பூச்சியில்ல ஒட்டியிருக்கு?"

"அது சூடான் நம்பருங்க. எம் மக செஞ்சது."

"அம்புட்டுத் தூரத்துல எனக்கு யாவாரம் இல்லையே."

மறுபடி அடித்துக் கொடுத்தேன். பூச்சி உள்ள தாள் ஒன்றை மட்டும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி போன் பண்ணி, "சும்மா சோதனைக்கு அனுப்புனேன்ப்பா" என்றாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வேலைதான் முக்கியம். இன்னும் எத்தனை எண் பாக்கியோ, எல்லாம் முடித்து நிதானமாக வா. அவசரம் ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: இருபத்தைந்தாம் தேதி, பேப்பர் லோடு பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு மதுரை விமான நிலையத்துக்குப் போனேன் தாயி. வெயில் சாயும்வரை வாசலில் நின்றேன். வீடு திரும்பினால், அம்மா மூன்று இலை போட்டு வைத்திருந்தாள். லோடு வந்ததா என்று அவள் கேட்கவில்லை.