எலுமிச்சைப்புல் நட்ட கிரகம்

நூறு வருஷமாக ஒரு சொட்டு மழை பார்க்காத கிரகத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சரபுரி கல்குவாரியில் நிறுத்தியிருந்த ராக்கெட்டின் அட்டை ஊறி, மூக்கு தொங்கிவிட்டது.

தயாரிப்பு நிர்வாகி ராம்பை வானத்தையும் கையிலிருந்த போனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கம்பெனி விஞ்ஞான நாவல்களை மட்டுமே படமாக்குவது. இந்த நாவலை எழுதிய சவேங், பாங்காக் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். கடைசிக் காட்சியை எடுத்த கையோடு போனில் அனுப்பச் சொல்லியிருந்தார். அதைப் பார்க்காமல் அவர் போய்விடக் கூடாதே என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று டைரக்டர் கொம்சன் சொன்னதற்கு, கட்டிலைச் சுற்றி மனைவி மக்கள் இருக்கிறார்கள், நமக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டாள்.

செயற்கைக்கோள் படத்தைக் காட்டி மழை வராது என்று சத்தியம் செய்த கிராபிக்ஸ்காரர் வேனுக்குள் ஒளிந்துகொண்டார். விஞ்ஞானம் கைவிட்டதும், எல்லாப் படப்பிடிப்பிலும் செய்வதையே இங்கேயும் செய்தார்கள். ஆண் தொடாத பெண் ஒருத்தி எலுமிச்சைப்புல்லைத் தலைகீழாக மண்ணில் நட்டால் மழை நிற்கும்.

ஒப்பனைக்காரி நுச்சரி நட்டாள். மழை வலுத்தது. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த லைட்காரன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளக்குகளைக் கழற்றத் தொடங்கினான். அவனைச் சமாதானப்படுத்த ஆள் அனுப்பிவிட்டுக் கதாநாயகியைக் கூப்பிட்டார்கள். அவளுக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டதாம், குனிய முடியாதாம்.

"நம்ம ராம்பை அக்கா இருக்கறப்ப எதுக்கு ஊரெல்லாம் தேடறோம்?" என்றார் கொம்சன். "அம்பது வயசாச்சு, கல்யாணமே பண்ணிக்கல. வாங்கக்கா."

"விளையாடாதப்பா. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல."

"சவேங் சாருக்காகக்கா."

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. முழங்கால் சேற்றில் புதைய, புல்லை நட்டாள்.

இடி இடித்தது. காற்றில் ராக்கெட்டின் கதவு கழன்று விழுந்தது. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ சிரிப்பை மறைக்க இருமினார்கள். இத்தனை வருஷம் கட்டிக் காத்தது இப்படியா சந்தி சிரிக்க வேண்டும் என்று ராம்பைக்கு அழுகை முட்டியது.

அப்போது கொம்சனுக்கு போன் வந்தது. கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"சவேங் சார் போயிட்டாராம். இப்பத்தான்."

ராம்பை சேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. யாருக்காக அந்தக் காட்சியை எடுக்க நினைத்தாளோ அவர் இல்லை.

மழை சட்டென்று நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. சாவுச் செய்தி கேட்ட முகத்தை வைத்துக்கொள்வதா, மழை நின்ற முகத்தை வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் எல்லோரும் தவித்தார்கள். கிராபிக்ஸ்காரர் மட்டும் வேனிலிருந்து தலையை நீட்டினார்.

"அக்கா சுத்தத் தங்கம்தான். புல்லு வேலை செய்யக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்."

சமையல்காரி சமோர்ன் குடையைக் கீழே போட்டுவிட்டு வந்து, ராம்பையைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள்.

"சும்மா இருங்கய்யா," என்றாள். "புருஷன் செத்தவ நட்டாலும் மழை நிக்கும்."